சபை சொல்லாத ஆமென்

பல் போனாலும் சொல் போகாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற நம் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளையவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "உங்க அப்பா காங்கிரஸ் கட்சியா, வெள்ளைக்காரன் கட்சியா?" என்று ஒரே கேள்வியில் முடித்துக்கொண்டு கைபேசியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். போன வருஷம் எங்கள் பழைய கோயிலின் ஆண்டு விழாவுக்கு என்னை நாற்காலியோடு தூக்காத குறையாக அழைத்துப் போனார்கள். மேடையில் ஒருவர் அப்பாவைத் தேசபக்தர் என்றார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "கடைசிவரைக்கும் இங்கிலீஷ் ராஜாவுக்கு ஜெபம் பண்ணினவராமே?" என்று பிரியாணியைப் பிசைந்தபடி கேட்டார். இரண்டும் உண்மைதான். அம்மாவைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா உபதேசியார். பாதிரியார் பல ஊர்களுக்கு ஒருவர். மாதம் ஒருமுறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, சாவுக்கும் சண்டைக்கும் முன்னால் போய் நிற்பது எல்லாம் உபதேசியார் வேலை. கரையான்சாவடியிலிருந்து ஆவடிக்குப் போகிற சாலையில் ஓடு போட்ட சின்னக் கோயில். மணி கிடையாது. வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை இரும்புக் கம்பியால் அடித்தால் ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். உள்ளே பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கோயிலுக்குப் பின்னால் மிஷன் கொடுத்த வீடு. அந்த வீட்டின் பின்கட்டில் ஒரு கிணறு.

கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அம்மா பிறந்த ஊரில் எங்கள் ஜனங்கள் ஊர்க் கிணற்றில் கை வைக்க முடியாது. குடத்தோடு தள்ளி நிற்கவேண்டும். யாராவது மனமிரங்கி ஊற்றினால்தான் தண்ணீர். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், வேண்டியதற்கு மேலேயே குடம் குடமாக இறைத்து முற்றத்தில் கொட்டினாராம் அம்மா. அப்பா வந்து, "இன்னாம்மா, ஊட்டக் கழுவுறியா?" என்று கேட்டதற்கு, "இல்ல, சும்மாதான்" என்றாராம். இதை அம்மாவே எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். கிணற்றுக் கயிறு நைந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவார். சேலை நைந்தால் தைத்துக்கொள்வார்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரை எங்கள் சொம்பில் வாங்கிக் குடித்த முதல் ஊர்க்காரர் கதர் வாத்தியார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. எப்போதும் முழங்காலுக்குக் கீழே சுருங்கிய கதர் வேட்டி. சாயங்காலங்களில் வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து அப்பாவோடு வாதம் பண்ணுவார். எங்கள் சொம்பில் குடித்ததற்காக அவர் தெருவில் அவரைப் பேசாத வாய் இல்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"உபதேசியாரே, உங்க சாமி நல்ல சாமிதான். ஆனா வெள்ளைக்காரன் கையப் புடிச்சிக்கினு இல்ல வந்துக்கீது" என்பார்.

"எங்க சாமி பொறந்த ஊருலயும் அன்னியன்தான் ஆண்டுக்கினு இருந்தான் வாத்தியாரே. வரி கட்டிக்கினுதான் இருந்தாங்க" என்பார் அப்பா.

"அப்ப அவரு இன்னா பண்ணாரு?"

"செத்தாரு."

வாத்தியார் சொம்பை எடுத்துக் குடிப்பார்.

யுத்த காலம் அது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காகக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. லாரிகள் வரிசையாகப் போனால் எங்கள் பாய், தலையணை, பழைய சோறு எல்லாவற்றிலும் பெட்ரோல் வாசனை அடிக்கும். பட்டணத்தில் குண்டு போடப்போகிறான் என்று மூட்டை முடிச்சோடு ஓடிவந்தவர்கள் எங்கள் கோயில் வாசலில்கூடச் சில நாட்கள் படுத்திருந்தார்கள். அரிசிக்குத் தட்டுப்பாடு. ஆனால் வேலை கிடைத்தது. எங்கள் சபையின் பெரிய மனிதர் ஆவடியில் மேஸ்திரி; கோயில் ஆண்களில் பாதிப் பேரை அவர்தான் பட்டாள வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார். அதுவரை கூழ் மட்டும் கண்ட வீடுகளில் அந்த வருஷம் சோறு பொங்கியது. மேஸ்திரியைக் கெட்டவர் என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

"வெள்ளையனே வெளியேறு" என்று ஊரெல்லாம் கிளம்பியபோது வாத்தியார் பூந்தமல்லிச் சந்தையில் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தடியால் அடித்துக் கொண்டுபோனார்கள். வேலூர்ச் சிறை என்று பிறகு தெரிந்தது. அவர் மனைவி கைக்குழந்தையோடு தனியாக இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து கேழ்வரகு கொடுத்தனுப்பினால், யார் வீட்டுத் தானியம் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு. ஜெபப் புத்தகத்தில் ராஜாவுக்கென்று ஒரு ஜெபம் உண்டு. உங்களில் கோயிலுக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். அப்பா வாசித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, அப்பா சொந்தமாக ஒன்று ஜெபித்தார். "ஆண்டவரே, சிறையில் இருக்கிற எங்கள் அயலகத்தாராகிய வாத்தியாரை நினைத்தருளும். அவர் உடம்பைக் காத்தருளும். அவர் வீட்டாரைக் கைவிடாதேயும்." சபை முழுவதும் வழக்கம்போல ஆமென் என்றது. வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் எதற்கு ஆமென் சொன்னோம் என்பது ஒவ்வொருவருக்காக உறைத்தது. மேஸ்திரி செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் கையில் பிடித்தபடியே நின்றார். பிறந்ததிலிருந்து ஜெபம் முடிந்தால் ஆமென் சொல்லிப் பழகிய வாய்கள். பழக்கம் மூளையை முந்திக்கொண்டுவிட்டது.

அந்த வாரமே ஆவடியில் மேஸ்திரியைக் கூப்பிட்டு, உங்கள் கோயில் காங்கிரஸ் கோயிலா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உபதேசியாரே, உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா எங்க ஆளுங்க வவுத்துல அடிச்சிராதீங்க."

"நான் இன்னா கேட்டேன் மேஸ்திரி? அவரு நல்லா இருக்கணும்னு கேட்டேன். ராஜாவுக்கும் அதத்தான் கேட்டேன்."

"ராஜாவும் அந்தாளும் ஒண்ணா?"

"ஆண்டவர் முன்னால நிக்கறதுக்கு வேற வேற வாசல் இல்லியே" என்றார் அப்பா.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு போனார். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆமென் சொன்னால்தான் அது சபையின் ஜெபம். சொல்லாவிட்டால் அது உபதேசியாரின் சொந்த ஜெபம். அதனால் வாத்தியார் ஜெபத்துக்கு யாரும் வாய் திறக்கக்கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டார். எல்லோரும் கட்டுப்பட்டார்கள், கோயில் பெருக்கும் கிழவியைத் தவிர. அவளுக்குக் காது மந்தம். உபதேசியாரின் உதடு நின்றால் ஆமென் என்பது அவள் கணக்கு. அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள் மேஸ்திரி மனைவி. கிழவி "ஆ" என்று ஆரம்பிக்கும்போதே தொடையில் ஒரு கிள்ளு. மிச்சம் வெளியே வராது. பிள்ளைகள் நாங்கள் அந்த "ஆ"வுக்காகவே காத்திருந்து சிரிப்பை அடக்குவோம்.

மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. ஒரு காலையில் கோயில் சுவர் முழுக்கத் தார். "ராஜாவின் அடிமைகள்" என்று எழுதியிருந்தார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெரிய பையன்கள் வேலை. வாத்தியாரை அடித்த ராஜாவுக்கு இங்கே ஜெபமா என்று அவர்களுக்குக் கோபம். கரையான்சாவடியில் கடை வைத்திருந்த பாய், சுண்ணாம்பும் மட்டையும் கொடுத்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாரைச் சுரண்டும்போது அந்தப் பையன்கள் சாலையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ராஜாவுக்கு ஜெபம் பண்றத நிறுத்து, நாங்களே வந்து வெள்ளயடிச்சித் தர்றோம்" என்றான் ஒருவன்.

"உங்க வாத்தியாருக்குச் சொல்றதையும் நிறுத்தச் சொல்லி ஆள் வந்தாங்க தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான்" என்றார் அப்பா.

அன்றைக்கு நான் அப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். சத்தம் போட்டுத் திட்டாதவர்களைப் பற்றிச் சின்ன வயதில் வேறெப்படி நினைக்கத் தோன்றும்?

மாத முறைக்குத் துரைப் பாதிரியார் வந்தார். நெட்டை மனிதர், எங்கள் வீட்டு நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் ஒருநாளும் நுழைந்ததில்லை. தமிழை வேதாகமத்திலிருந்து கற்றவர். வெற்றிலைக்காரியிடமும் அப்படித்தான் பேசுவார். அப்பாவை உட்காரச் சொன்னார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றார், நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால்.

"உபதேசியாரே, நீர் செய்வது அன்பு. ஆனால் அது ஞானமல்ல. ஜெபிக்காதேயும் என்று ஒரு மனிதனுக்கு நான் எப்படிக் கட்டளையிடுவேன்? சபை ஆமென் சொல்லாத வரைக்கும் அது உம்முடைய சொந்தப் பாரம் என்று மேலிடத்தாருக்கு நான் சொல்லிக்கொள்ளக் கூடும். ஒரே ஒருவர் ஆமென் சொன்னாலும் அது சபையின் ஜெபமாகிவிடும். பின்பு உம்மை இந்த வேலையிலும் இந்த வீட்டிலும் நான் வைத்திருக்கக் கூடாமற்போகும்."

அப்பா சரி என்று தலையசைத்தார். துரை எழுந்து, நிலைப்படியில் இடித்துக்கொண்டு, வெளியே போனார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் மேஸ்திரியைவிடக் கண்டிப்பானவர் அம்மாதான். கோயிலுக்குக் கிளம்பும்போது, "வாத்தியாரு ஜெபத்துல யாராவது வாயத் தொறந்தீங்க, சூடு போட்ருவேன்" என்பார். தம்பிக்குப் பேச்சு வந்த புதிது. எதற்கெடுத்தாலும் ஆமென் சொல்வான், சோறு வேண்டுமா என்றாலும் ஆமென். ஜெபம் ஆரம்பித்ததும் அம்மாவின் உள்ளங்கை அவன் வாயை மூடிவிடும். அடுப்புக் கரியும் மஞ்சளும் மணக்கிற அந்தக் கையை, எனக்குப் பக்கத்தில், ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஜெபிப்பார். அப்புறம் சற்று நிற்பார். ஒன்றும் வராது. சாலையில் லாரி போகிற சத்தம் கேட்கும். அடுத்த பாட்டைச் சொல்வார். வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைக் கோடு கோடாகப் பிரித்துக்கொண்டிருப்பார். தன் கையால் ஞானஸ்நானத்துக்குத் தயார்பண்ணின ஜனம், தான் சொல்கிற ஒரு ஜெபத்துக்குத் தலையைக் குனிந்துகொள்வது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அம்மாவுக்கு அப்போதே புரிந்திருந்தது.

"இந்தாங்க, ஒண்ணு சொல்றேன் கேளுங்க" என்றார் ஒருநாள். "ராஜா ஜெபம் முடியறதுக்கு முன்னாலயே வாத்தியாரையும் அதுலயே சேத்துக் கட்டிருங்க. ரெண்டுக்கும் சேத்து ஒரே ஆமென். ராஜாவுக்குச் சொல்லாம வாய மூடிக்கினு இருக்க மேஸ்திரிக்கு இன்னா தைரியம் கீது? துரை கேட்டாலும் ராஜாவுக்குத்தான் சொன்னாங்கன்னு ஆயிரும். உங்களுக்கும் ஆமென் வந்துரும், நம்ம ஊடும் நிக்கும்."

அப்பா அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்துச் சிரித்தார். அப்புறம் தலையை ஆட்டினார்.

"எலிக்குப் பொறி வெக்கலாம்மா. ஜெபத்துல வெக்கக் கூடாது. அந்த ஆளு சந்தைல நடுவுல நின்னு அடி வாங்கினாரு. அவருக்கு நான் ஒளிச்சிவெச்சி ஜெபிக்கறதா?"

"அப்ப சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா கிணற்றடிக்குப் போய்விட்டார். ராட்டினம் நெடுநேரம் கிறீச்சிட்டது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிறு. துரை வந்திருந்தார், பலிபீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி. முந்தின நாள் வாத்தியார் மனைவி வந்து, சிறையில் அவருக்குக் கடும் காய்ச்சல், பிழைப்பாரா தெரியவில்லை என்று அழுதுவிட்டுப் போயிருந்தார். ராஜா ஜெபம் முடிந்தது. ஆமென் கோயிலை நிறைத்தது. துரை முன்னால் மேஸ்திரி கொஞ்சம் அதிகமாகவே சொன்னார்.

அப்பா புத்தகத்தை மூடினார். "ஆண்டவரே, எங்கள் அயலகத்தாராகிய..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். காய்ச்சலைச் சொன்னார். கைக்குழந்தையைச் சொன்னார். அதற்குமேல் வார்த்தை வராமல் நின்றுவிட்டார். வழக்கமாகக் காத்திருப்பதைவிட அதிக நேரம் நின்றார். வாய் மூடியிருந்த சபைக்கு அது ஜெபம் முடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. ஆண்கள் பக்கத்தில் யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். கிழவியின் தொடையில் கிள்ளு விழுந்தது. அப்பா மூடிய புத்தகத்தைத் திறந்து, மறுபடி மூடினார்.

தம்பியின் வாயிலிருந்து அம்மாவின் கை எடுபட்டது. "ஆமென்" என்றார் அம்மா.

கத்தவில்லை. அழவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார். வாய் விடுபட்ட தம்பியும் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். வேறு யாரும் சொல்லவில்லை. நானும்கூடத்தான், எனக்குச் சூட்டுக்கோல் நினைவு.

ஆராதனை முடிந்ததும் துரை எங்களிடம் வந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை, கெஞ்சுகிற முகம். அந்த மனிதர் எங்களை வெளியேற்ற வந்ததாகவே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அன்று எங்களுக்கு ஒரு கதவைத் திறந்துதான் பிடித்தார்.

"அம்மா, வழக்கத்தினால் உம்மை அறியாமல் சொல்லிவிட்டீர். அப்படித்தானே?"

மேஸ்திரியும், "ஆமாம் துரை, பழக்கதோஷம். மொதல்ல எங்களுக்கே வந்திச்சி" என்று அவசரமாகச் சொன்னார்.

அம்மா ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வீடு இருந்திருக்கும், கிணறு இருந்திருக்கும். அப்பாவும் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்.

"இல்லீங்க துரை ஐயா. தெரிஞ்சிதான் சொன்னேன்" என்றார் அம்மா.

திருநின்றவூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு கூரை வீடு வாடகைக்குக் கிடைத்தது. வண்டியில் சாமான் ஏற்ற மேஸ்திரியே வந்தார். அரிசி மூட்டை ஒன்றைச் சொல்லாமல் பாத்திரங்களுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்பா செங்கல் சூளை ஒன்றில் ஆட்களுக்குக் கணக்குச் சொல்லும் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூரைக்குக் கீழேயே நாலைந்து பேரை வைத்துக்கொண்டு ஆராதனை. ராஜா ஜெபம் அங்கேயும் உண்டு. தண்ணீருக்கு அம்மா ஊர்க் கிணற்றுக்குப் போனார். குடத்தோடு தள்ளி நின்றார். யாராவது ஊற்றும்வரை நின்றார். எனக்கு அதைப் பார்க்க ஆத்திரமாக வரும். அவரிடம் கேட்டால், "போய் வேலையப் பாருடி" என்பார்.

வாத்தியார் பிழைத்தார். விடுதலையாகி, எங்களைத் தேடிக்கொண்டு ரயிலில் வந்தார். பாதி உடம்புதான் இருந்தது. கோபம் மட்டும் முழுசாக இருந்தது. உட்காரவே இல்லை.

"உபதேசியாரே, எனக்காக ஜெபம் பண்ணீங்கன்னு சொன்னாங்க. நல்லது. ஆனா ராஜாவ வெச்சி, அவன் பின்னாலயே என்னை வெச்சீங்களாமே? அவன் ஆளுங்கதான் என் கைய ஒடிச்சாங்க. என் பேர எடுத்திருக்கணும், இல்ல அவன் பேர எடுத்திருக்கணும்."

"உங்க பேர எடுத்துட்டேன் வாத்தியாரே."

"எப்போ?"

"நீங்க சிறைலேர்ந்து வெளிய வந்துட்டீங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே."

"அவன் பேரு?"

"அவரு இன்னும் வெளிய வரலியே" என்றார் அப்பா.

வாத்தியார் முறைத்துக்கொண்டே நின்றார். பிறகு அவர் வயிறு குலுங்கியது. இருமல் வந்து, சிரிப்பு வந்து, மறுபடி இருமல் வந்து, கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். காலையில் நின்று வாங்கிவந்த தண்ணீர். வாத்தியார் குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வழியில் எல்லாம் கேள்விப்பட்டிருப்பார் போல.

"என்னால உங்க ஊடு போச்சாம்மா" என்றார்.

"உங்களால இல்லீங்க. நான்தான் ஆமென் சொன்னேன்."

"எனக்காகச் சொன்னதுதானே? அதத்தான் சொல்றேன்."

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாதவர். விருந்தாளி மனம் நோகுமே என்றுகூட ஒன்றைக் கூட்டிச் சொல்லமாட்டார்.

"உங்களுக்காகன்னு சொல்ல மாட்டேன் வாத்தியாரே. ராஜாவுக்கும் இல்ல. இவரு அங்க தனியா நின்னுக்கினு இருந்தாரு."

சொல்லிவிட்டுச் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வாத்தியார் அப்பாவைப் பார்த்தார். சபைக்கு முன்னால் நின்று எத்தனையோ பிரசங்கம் செய்த அப்பா, கூரையிலிருந்து விழுந்த ஒரு ஓலைக் கீற்றை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.